அம்மா தனியாக நின்ற திருமண நாள்

சபையில் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். மைக் பிடித்தால் உளறிவிடுவேன். அதனால் இங்கே நம் சபை குரூப்பில் டைப் பண்ணுகிறேன்.

போன வருஷம் எங்கள் அப்பா இறந்துவிட்டார். கோட்டையூரில் பைக் மெக்கானிக். கடையில் ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அழுதேன், கத்தினேன், ஃபோனைத் தூக்கி எறிந்தேன். டிஸ்ப்ளே காலி. அம்மா அழவே இல்லை. அடக்க ஆராதனையிலும் இல்லை, கல்லறையில் மண் போடும்போதும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். ‘செம ஸ்ட்ராங்’ என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் பயம் வந்தது. தூக்கம் இல்லை. சாப்பாடு இல்லை. ஜாக்கெட் எல்லாம் தொளதொள. அப்பாவைப் பற்றிப் பேசினாலே பேச்சை மாற்றிவிடுவார்.

“அப்பா இருந்தா இப்பிடிப் பட்டினி கெடக்க விடுவாராம்மா?”

“ரசம் பொங்குது பாரு, அடுப்பை அணை.”

துக்கத்தை உள்ளேயே அடக்கி வைத்திருக்கிறார், இப்படியே போனால் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். ஆறுதல் சொல்ல வந்த ஆன்ட்டி ஒருத்தர், “எல்லாம் தேவசித்தந்தான் ஆத்தா” என்றார். “உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காருல்ல, அதான் ஈஸியா சொல்றீக” என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ஜெபமே வரவில்லை. ஒரு நாள் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் சொன்னேன்: “ஏசப்பா, அப்பாவைத் திருப்பித் தரமாட்டீங்க, தெரியும். அம்மா அழணும். அவ்வளவுதான்.” எனக்கே லூசுத்தனமாக இருந்தது. ஆனாலும் தினமும் அதையேதான் கேட்டேன்.

நம் சபை வழக்கம் தெரியும்தானே. ஆராதனை முடிவில், அந்த வாரம் திருமண நாள் வருகிற ஜோடிகளைப் பேர் சொல்லி முன்னால் கூப்பிட்டு பாஸ்டர் ஜெபிப்பார். அந்த ஞாயிறு, பழக்கதோஷத்தில் அப்பா பேரையும் அம்மா பேரையும் சேர்த்து மைக்கில் கூப்பிட்டுவிட்டார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. எனக்கு வந்த கோபத்தில், அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று எழுந்தேன்.

அம்மா என் கையை விலக்கிவிட்டு முன்னால் நடந்தார். தனியாக.

“மன்னிச்சிருங்கம்மா, தெரியாம...” பாஸ்டருக்கு நாக்குக் குழறியது.

“எதுக்கு மன்னிப்பு? அவுக அங்குட்டு ஆண்டவர்கிட்ட இருக்காக. நான் இங்குட்டு இருக்கேன். கல்யாண நாளு கல்யாண நாளுதானே? ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்.”

வழக்கமாக ஜோடியின் தலையில் ஆளுக்கு ஒரு கையாக வைத்து ஜெபிப்பார். இந்தத் தடவை அவருடைய ஒரு கை சும்மா தொங்கியது. அதைப் பார்த்ததும் அம்மா உடைந்தார். கல்யாணமானதிலிருந்து வாயால் சொல்லாத அப்பா பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அந்த தேவசித்தம் ஆன்ட்டிதான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். “தேங்க்ஸ் ஏசப்பா” என்று மட்டும்தான் வந்தது.

மதியம் அம்மா, “ஏண்டி, கறிக்கொழம்பு முழுக்க நீயே திம்பியா? இங்குட்டுத் தள்ளு” என்றார்.

வலி போய்விட்டது என்று கதை விடமாட்டேன். அப்பா கடை இருக்கிற தெருவை இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் அப்பா ஆண்டவரிடம் இருக்கிறார், ஒரு நாள் பார்ப்போம் என்பதை இப்போது நிஜமாகவே நம்புகிறேன். அந்த ஆன்ட்டியிடம் ஸாரியும் கேட்டாச்சு.

உங்கள் வீட்டிலும் ஒருவர் போயிருந்தால் ஸ்ட்ராங்காக நடிக்க வேண்டாம். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே ஆண்டவரிடம் போய் நில்லுங்கள். அழுகை வரவில்லையா, அதையும் அவரிடமே கேளுங்கள். தருவார்.