ஈரக் காற்றில் ஒரு சீப்பு

என்னோடு வேலை பார்த்த டீச்சரின் நீலக் கம்பளிச் சட்டை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உப்புமா கிண்டும் அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்போரம் ஒரு தட்டில் என் சீப்பும் கத்தரித்த காகிதத் துணுக்குகளும். எழுபதுகளின் நடுவில், போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட் பள்ளி அது. பதினொரு மணிக்குக் கல்வி அதிகாரி என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது.

நான் சித்தூர்க்காரன். எங்கள் ஊரில் தை மாதத்து வறண்ட காற்றில் சீப்பைத் தலையில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், காகிதம் தாவி ஒட்டும். அந்த நம்பிக்கையில் அதிகாரி முன் அதையே செய்துகாட்டுவதாகப் பாடக்குறிப்பில் எழுதிவிட்டேன். மலையிலோ மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்காரும். முந்தைய நாள் பதினொரு தடவை முயன்றேன். ஒரு துணுக்கும் அசையவில்லை. தேய்க்கும்போது சீப்பில் ஏறுகிற மின்னூட்டம் அங்கேயே தங்கினால்தான் காகிதத்தை இழுக்கும். ஈரம் படிந்தால் அது தங்காது, கசிந்து போய்விடும்.

“எங்க ஊட்டுல இது சும்மாவே வருமுங்க டீச்சர்,” என்றேன்.

“அப்ப உங்க ஊர்க் காத்த ஒரு சாக்குல கட்டிக் கொண்டாந்திருக்கணும் சார்,” என்று சிரித்தார். எஸ்டேட்டிலேயே பிறந்தவர் அவர். மழைக்காலத்தில் துணி உலர்த்துவதுபோல எல்லாவற்றையும் அடுப்படியில் உலர்த்தும் யோசனை அவருடையதுதான்.

வந்த முதல் வாரமே ஊருக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருந்தேன். அதிகாரி நல்லபடியாக எழுதினால் மனு நகரும் என்று டீச்சரிடமும் சொல்லியிருந்தேன். ஏழு மாதத்தில் அந்த மாற்றல் எனக்கு வேண்டாததாகிவிட்டது. காரணம் டீச்சர்தான், அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

சூடு ஆறாத சட்டையை என் கையில் தந்தார். “நல்லா அழுத்தித் தேய்ங்க சார். ஊருக்குப் போகணும்ல?” இம்முறை சிரிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

அதிகாரி வந்தார். பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தார்கள். டீச்சர் வாசலில் நின்றார். அவர் உலர்த்தித் தந்ததை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. சீப்பைச் சட்டையில் எண்ணி நாற்பது முறை தேய்த்தேன். துணுக்குகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டின, வகுப்பே கூச்சலிட்டது. அடுத்த மாதம் மாற்றல் உத்தரவு வந்தது.

ஓய்வுபெறும்வரை சித்தூரில் இதே பாடத்தை நடத்தினேன். நான்கு தேய்ப்போடு அன்று நிறுத்தியிருந்தால், ஒரு துணுக்கும் எழுந்திருக்காது. நானும் அங்கேயே இருந்திருப்பேன்.