நீலக் கட்டம் போட்ட அறை

டெய்லருக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு சோபாதான். அதுவும் புதிதல்ல. அவர் வீட்டு ஹாலில் ஏற்கெனவே கிடப்பது, அவரே உறை தைத்துப் போட்டது. ஆனால் அதன்மேல் மச்சான் படுத்திருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், காலை உடைத்துக்கொண்டு, எலும்பு கூடும்வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். எலும்பு கூடியது. கூடிய காலாலேயே ரிமோட்டை இழுத்து எடுக்கப் பழகினார். பிறகு படுத்த வாக்கிலேயே போனில் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் தொழிலையும் தொடங்கிவிட்டார். மாதாமாதம் மளிகை அவர் கணக்கு என்பதால், தண்டச்சோறு என்று முணுமுணுக்கவும் வழியில்லை. ஆள் நல்ல உயரம். சோபாவின் ஒரு கையில் தலையை வைத்தால் மறு கையைத் தாண்டிப் பாதங்கள் ஆடும். நடுவில் ஒரு தலையணைக்குக்கூட இடமிருக்காது.

டெய்லரோ பகலெல்லாம் கடையில் குனிந்து தைத்து, முதுகு வளைந்து வீடு வருபவர். சாப்பிட்டதும் அந்தச் சோபாவில் சாய்ந்து கொஞ்சம் டிவி பார்க்க வேண்டும். இந்த உலகத்தில் அவருக்கிருந்த ஆசை அவ்வளவுதான். அதற்குப் பதிலாக மர நாற்காலியில் உட்கார்ந்து மச்சானின் பாதங்களுக்கு மேலாகச் செய்தி பார்த்தார். செய்தி வாசிக்கும் பெண்மணிக்கு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் இருப்பதாகவே அவர் மனதில் பதிந்துபோயிற்று.

எழுந்திரு என்று சொல்லவும் முடியாது. மனைவிக்குத் தம்பி என்றால் உயிர். ஆகவே டெய்லரின் கண் கார் ஷெட்டின்மேல் விழுந்தது.

அந்த வீட்டை விற்றவரிடம் கார் இருந்தது, வாங்கியவரிடம் இல்லை. வாசலை ஒட்டிய ஷெட்டில் ஓடாத மின்விசிறி, சங்கிலி இல்லாத சைக்கிள், கோட்டு மாட்டிப் பார்க்கும் தலையில்லாத பொம்மை, அப்புறம் ஒரு மூலை முழுக்க நீலக் கட்டம் போட்ட துணி. சீருடை தைக்க வாங்கிப் போட்ட மறுவாரமே பள்ளிக்கூடம் நிறத்தை மாற்றிவிட்டதால் தங்கிப்போனது.

ஒருநாள் சாப்பாட்டின்போது, இந்த வயதில் மச்சானுக்கென்று கௌரவமாக ஓர் அறை வேண்டாமா, ஷெட்டை அறையாக்கிவிடலாமே என்று ஆரம்பித்தார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு ஏன் அத்தான் சிரமம் என்றார் மச்சான். ஆனால் எழுந்து உட்கார்ந்து சொல்லவில்லை.

மேஸ்திரி வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். பிளான் எங்கே என்றார்.

"பேப்பர்ல கோடு போட்டா எனக்கு ஒண்ணும் விளங்காது மேஸ்திரி. முதல்ல ரூமைத் துணியில தச்சு மாட்டிப் பாத்துடறேன். துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். சிமெண்டைப் பிரிக்க முடியுமா?"

சினிமாவுக்கு செட் போடுகிறவர்கள் செய்யலாம், குடியிருக்கிறவர்கள் செய்து நான் பார்த்ததில்லை என்றார் மேஸ்திரி. இருந்தாலும் அவருக்கு வேறோர் இடத்தில் கூரை வேலை பாக்கி இருந்தது. தையல் முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார்.

டெய்லர் தொழில் பழகியதே அப்படித்தான். நல்ல துணியில் நேராகக் கத்தரி வைக்க மாட்டார். மட்டத் துணியில் வெட்டி, பெரிய பெரிய தையலாக ஓட்டி, ஆளைக் கூப்பிட்டு மாட்டிப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, இருமச் சொல்லி, அதன் பிறகுதான் உண்மைத் துணி. டிரையலுக்கு வராத வாடிக்கையாளர்களால் அவருக்குத் தூக்கம் கெடும். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த உடுப்பைத் தானே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார். ஊரில் சிலருடைய கோட்டு ஏன் டெய்லருக்கே பொருந்துகிற மாதிரி இருக்கிறது என்பதற்கு அதுதான் காரணம்.

நீலக் கட்டத் துணி ஷெட்டுக்குள் சுவர்களாகத் தொங்கியது. கூரையும் அதே துணி. ஜன்னலுக்கு ஓரம் மடித்துத் தைத்தார். சுவிட்ச் வரும் இடங்களில் பிரஸ் பட்டன், அலமாரி வரும் இடத்தில் ஒரு பெரிய பாக்கெட். கதவுக்கு மேலிருந்து கீழ்வரை பட்டன் வைத்து, காஜா அடித்தார். தெருவே வந்து பார்த்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து இப்போது பெரிய எஞ்சினியராகிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர், உள்ளே நுழைந்ததும் தன்னையறியாமல் கைகட்டி நின்றார்.

வராதவர் மச்சான் ஒருவர்தான். டிரையலுக்குக் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது ஒரு லாரி எங்காவது ஒரு செக்போஸ்ட்டில் நின்றுகொண்டிருந்தது. இதோ வந்துவிட்டேன் அத்தான் என்று குரல் மட்டும் வரும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, டெய்லர் தானே பாயை விரித்துப் படுத்துப் பார்த்தார். கையை நீட்டினால் விழுகிற இடத்தில் சிறிய டிவிக்கு ஒரு தட்டு குறித்தார். எழுந்து நின்று, கண்ணுக்கு நேராக ஜன்னலை ஏற்றி இறக்கினார். கால்மாட்டில் கொஞ்சம் பிடித்தார், தலைமாட்டில் கொஞ்சம் விட்டார். டிரையல் நீண்டுகொண்டே போயிற்று. சாப்பிட்டு முடித்தால் ஆளைக் காணோம். ஷெட்டுக்குள் குறட்டை கேட்கும். ரூம் இன்னும் ஆகவில்லையா என்று மனைவி கேட்டால், கக்கத்தில் கொஞ்சம் இழுக்கிறது என்பார்.

கடைசியில் மேஸ்திரியே வந்து நின்றார். நாளைக்குச் செங்கல் இறங்குகிறது, இன்றைக்கு முடிவு தெரிந்தாக வேண்டும் என்றார். மனைவி ஹாலுக்குப் போய்த் தம்பியைக் கைபிடித்து இழுத்து வந்தாள்.

மச்சான் குனிந்து உள்ளே போனார். நிமிர்ந்தார். கூரையில் ஒரு கொப்புளம் கிளம்பியது. டெய்லர் வெளியிலிருந்து, படுத்துப் பார் என்றார். மச்சான் படுத்தார். எதிர்ப்பக்கச் சுவரின் அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே வந்து, மேஸ்திரியின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றன.

மேஸ்திரி குனிந்து அவற்றைப் பார்த்தார். "செவுத்துக்கு வெளிய கால் வருதே டெய்லரே. அதுக்கும் சேத்துப் பூசிடவா?"

"எந்திரிச்சு நின்னா ஜன்னல் என் வயித்துக்கு நேரா இருக்கு, அத்தான்," என்றது உள்ளேயிருந்து குரல். "நான் என்ன, தொப்புளாலயா தெருவைப் பாக்கறது?"

டெய்லர் அவசரமாக ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டார். ஒன்றுமில்லை, கொஞ்சம் பிரித்து விட்டால் சரியாகிவிடும் என்று ஊசிகளுக்கிடையே சொல்லிக்கொண்டே சுவரின் மூலையைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நின்றார். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடம் அவருக்குக் காஜா எடுத்துக் கொடுத்தவள். ஊராருடைய உடுப்பில் பின்னால் பிரித்துவிடத் தாராளமாகத் துணி மடித்து வைப்பவர் அவர். தன்னுடைய சட்டைக்கு மட்டும் வைக்க மாட்டார். நான் இனி எங்கே வளரப்போகிறேன் என்பார். அந்த மூலையில் ஒரு நூல்கூட மிச்சமில்லை.

"என்னங்க, இது உங்க சட்டைத் தையல்," என்றாள்.

சுவருக்கு வெளியே மச்சானின் பாதங்கள் ஒன்றையொன்று சொறிந்துகொண்டன.

முழுக்கப் பிரித்து மச்சான் அளவுக்கு மறுபடி வெட்ட வேண்டும். வெட்டினால் சோபா கிடைக்கும். டெய்லர் யாரிடமும் சொல்லாமல் ஹாலுக்குள் போனார். சோபா காலியாக இருந்தது. ஏறிப் படுத்தார். மச்சானின் இடுப்பு தோண்டிய பள்ளத்துக்குள் அவருடைய தோள் இறங்கியது. தலை வைக்கும் இடத்தில் தலை எட்டவில்லை. எங்கே தட்டையாக இருக்க வேண்டுமோ அங்கே ஒரு ஸ்பிரிங் அவர் முதுகை விசாரித்தது. இத்தனை நாள் ஏங்கிய பொருள் வேறோர் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருந்தது. இதில் பிரித்துவிட இடமே இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முனகியபடி எழுந்து வெளியே வந்தார்.

"இருக்கறபடியே கட்டுங்க மேஸ்திரி," என்றார். "ஒரு நூல் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்."

அதைக் கேட்டதும், அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காணாத சுறுசுறுப்போடு மச்சான் எழுந்து ஹாலுக்கு ஓடினார்.

அறை எழும்பியது. கதவிலும் பட்டன் வைக்க முடியுமா என்று டெய்லர் கேட்டதற்குத் தச்சரிடமிருந்து தாழ்ப்பாள்தான் வந்தது. நீலக் கட்டத் துணி திரைச்சீலையாயிற்று. குடிபோன அன்று சாப்பிட்டுவிட்டு டெய்லர் தன் அறையில் படுத்தார். கையை நீட்டினார், டிவி இருந்த இடத்தில் இருந்தது. செய்தி வாசிக்கும் பெண்மணிக்கு அழகான மூக்கு என்பதை முதன்முறையாகப் பார்த்தார்.

கதவு தட்டப்பட்டது.

"அங்க தனியா ஒரே போர், அத்தான். நீங்க நாற்காலியில உக்காந்து உச்சுக் கொட்டலன்னா எனக்கு நியூஸே பாத்த மாதிரி இல்ல," என்று குனிந்து வந்த மச்சான், பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தில் நீட்டிப் படுத்துவிட்டார்; முழங்காலுக்குக் கீழெல்லாம் கதவுக்கு வெளியே கிடந்தது. அவர் தோளுக்குப் பின்னால் பெண்மணியின் மூக்கு மறைந்தது.

டெய்லர் எழுந்து போய் ஹாலை எட்டிப் பார்த்தார். சோபாவில் அவர் மனைவி நீளமாகக் காலை நீட்டிப் படுத்து, ரிமோட்டை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, எதற்கோ குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை எழுப்பப்போவதில்லை.

டெய்லர் திரும்பி வந்து, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மச்சானின் முழங்காலிலிருந்து கட்டைவிரல்வரை அளந்தார். சாக்கட்டியால், கதவுக்கு வெளியே தரையில் ஒரு கோடு கிழித்தார்.

"மேஸ்திரி நம்பர் உங்கிட்ட இருக்கா மாப்ளே?" என்றார்.