மெதுவா போங்கண்ணா

சில வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் புதுச்சேரியை வறுத்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. உழவர்கரையில் ஒரு மாடி வீட்டில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். பிரசவத்துக்குத் துணையாக இருந்த அம்மாவும், அப்பா வயலில் விழுந்து காலை முறித்துக்கொண்டதால் பாகூருக்கே திரும்பிவிட்டார். மிச்சம் இருந்தது நானும் என் கைக்குழந்தையும்தான்.

என் மகள் தூங்க மாட்டாள். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் என்று சொல்பவர்களிடம் அவளை ஒரு மதியம் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். தூளி கட்டலாம் என்றால் அந்த வீட்டில் கொக்கி கிடையாது. சீலிங்கில் ஓட்டை போட்டால் ஒழுகும் என்று வீட்டுக்கார அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஸ்டாண்டோடு ஒரு ஸ்பிரிங் தொட்டில் வாங்கி வந்தோம். அதில் படுக்க வைத்தால், என்னை எங்கே கொண்டுவந்து போட்டாய் என்பது போல என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வீல் என்று கத்துவாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து என் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஒரு நாள் தடுப்பூசி போட்டுவிட்டு வர ஓர் ஆட்டோ பிடித்தேன். ஊசி போட்ட கோபத்தில் அலறிக்கொண்டிருந்தவள், வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சொருகித் தூங்கிப்போனாள். எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் முகம் கோணி அழத் தயாரானாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். நான் இறங்குவதற்குள் வண்டியைத் திருப்பி மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா, எங்க போறீங்க? நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"உக்காரும்மா. புள்ள அசந்து தூங்கட்டும், அப்பறம் எறக்கி வுடறேன்" என்றார். சொன்னபடியே ஒரு சுற்றுச் சுற்றி, அவள் கை கால் தளர்ந்து உறங்கிய பிறகுதான் கொண்டுவந்து விட்டார். அன்று மதியம் பல நாள் கழித்து நானும் தூங்கினேன்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய மார்க்கெட்டில் சவாரி குறைந்ததும் வந்துவிடுவார். காசுப் பேச்சை எடுத்தால் பெட்ரோலுக்குக் கொடுத்தால் போதும் என்று முடித்துவிடுவார். கடற்கரைப் பக்கத்து வீதிகள் நேராகவும் அமைதியாகவும் இருக்கும் என்பதால் அங்கேதான் கூட்டிப்போவார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், அதிகம் பேச மாட்டார். ஆனால் அவர் வண்டி ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே! ஹாரன் அடிக்க மாட்டார். சிக்னல் தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, வண்டி நிற்காமலே பச்சை விழுகிற மாதிரி உருட்டிக்கொண்டு போவார். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வண்டியைச் சாய்வாக்கி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். என் மகளுக்கு அது ஓடுகிற தூளி. பின்னால் வருகிறவர்கள்தான் பொறுமை இழப்பார்கள். "இன்னா மாமே, சாமி ஊர்வலமா போற?" என்று அவருடைய ஸ்டாண்டு ஆட்களே கிண்டல் செய்துவிட்டுப் போவார்கள். இவர் சிரிப்பதோடு சரி.

அவரிடம் இரண்டு விஷயம் எனக்கு விநோதமாக இருந்தது. பின்சீட்டைப் பார்த்தபடி சின்னதாக ஒரு கண்ணாடி தனியாகப் பொருத்தியிருந்தார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் பார்ப்பது என்னையல்ல, என் மடியை என்று பிறகுதான் புரிந்தது. இன்னொன்று, குழந்தை தூங்கியதும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, "பாப்பா அசையுதாம்மா?" என்று கேட்பார்.

"தூங்குற கொழந்த எதுக்குண்ணா அசையணும்?" என்று ஒருநாள் சிரித்துவிட்டேன். அவர் கண்ணாடியை மட்டும் இன்னொரு தடவை பார்த்தார்.

ஆட்டோவின் பின்னால் ஒரு பெண் குழந்தையின் பெயர், இரண்டு பக்கமும் கிளி வரைந்து எழுதியிருந்தது. "உங்க பொண்ணாண்ணா? என்ன படிக்கிறா?" என்று கேட்டதற்கு, "இந்த வருஷம் எல்.கே.ஜி. சேக்கற வயசும்மா" என்றார். எங்கே சேர்க்கப்போகிறீர்கள், எங்கள் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்றெல்லாம் நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தேன். இன்று நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த நாள் வந்தது. முந்தின சாயங்காலத்திலிருந்தே மகளுக்கு வயிற்றுப்போக்கு. குடித்த பாலையெல்லாம் கக்கினாள். சூட்டுக்கு அப்படித்தான் போகும், சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பினேன். இரவு முழுக்க அழுகை. காலையில் அந்த அழுகையும் முனகலாகிவிட்டது. மதியம் நெருங்கும்போது பயம் பிடித்துக்கொண்டு ஆட்டோ அண்ணாவுக்கு போன் செய்தேன். உடனே வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

மடியில் முனகிக்கொண்டே வந்தவள், பாதி வழியில் அடங்கினாள். கண் மூடியிருந்தது. ஓர் இரவும் அரைப் பகலும் கண் மூடாத குழந்தை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. வழக்கம்போல வண்டியின் ஆட்டத்தில் தூங்கிவிட்டாள், எழுந்தால் மறுபடி அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

"தூங்கிட்டாண்ணா. மெதுவா போங்கண்ணா" என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். "பாப்பா அசையுதாம்மா?"

"இல்லண்ணா, நல்லா தூங்குறா."

முழுசாகத் திரும்பி ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி வண்டி சீறியது. "எழுப்பும்மா! அவள எழுப்பு! உள்ளங்கால சுண்டு!" என்று கத்தினார். அவ்வளவு நாளில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பைத்தியமா உனக்கு? இப்பதான் தூங்குறா!" என்று கத்தினேன். அண்ணா என்று கூப்பிட்ட மனிதரை உனக்கு என்று பேசியது அப்போது எனக்கு உறைக்கக்கூட இல்லை. அவர் காதில் எதுவும் விழவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் வண்டி நேராக ஏறிக் குதித்தது, என் தலை மேல்கம்பியில் இடித்தது. அந்தக் குலுக்கலில் என் மகள் அலறியிருக்க வேண்டும். அவளோ கண்ணைப் பாதி திறந்தாள். அழவில்லை. கண் அப்படியே மேலே போய் மூடிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளங்காலைச் சுண்டினேன், கன்னத்தைத் தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தலை துவண்டு என் கையில் தொங்கியது. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், சிக்னலை மதிக்காமல், எதிர்ப்பக்கம் புகுந்து அவர் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அவருடைய செருப்பு வண்டியிலேயே கிடந்தது.

"இத தூக்கம்னா நெனச்சீங்க?" என்று டாக்டர் அம்மா என்னைக் கேட்டார். உடம்பில் நீரே இல்லை, மயங்கிவிட்டாள் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கையிலும் காலிலும் நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து சத்தமே இல்லை. எந்த அழுகையைக் கேட்டால் எனக்கு நடுங்குமோ, அந்த அழுகைக்காக மணக்குள விநாயகரிலிருந்து மாதா கோயில் வரை எல்லாரையும் வேண்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கேட்டது. மெலிசாக, பூனைக்குட்டிபோல ஓர் அழுகை. பிறகு கொஞ்சம் பலமாக.

நான் சுவரில் சாய்ந்தேன். பக்கத்தில் நின்றிருந்தவரைத் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஓர் ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் குழந்தைக்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, சாயங்காலம், அந்த வராந்தாவில்தான் அவர் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எம்பொண்ணும் வண்டியிலதாம்மா தூங்குவா. ஆட்டோக்காரன் பொண்ணு வேற எங்க தூங்குவா? நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. மூச்சு வாங்குச்சு. அதே வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்தாந்தோம். முதலியார்பேட்ட ரயில்வே கேட்டு தாண்டனதும் அழுகைய நிறுத்திட்டா. தூங்கிட்டா, மெதுவா போன்னு எம்பொஞ்சாதி சொன்னா." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் மெதுவா போனம்மா. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரையும் பாத்துப் பாத்து எறக்கனேன். வாசல்ல வந்து நிறுத்தனப்பகூட, எழுந்துடப் போறாளேன்னு இஞ்சின ஆஃப் பண்ணல."

என் மகள் வயதுதானாம் அந்தக் குழந்தைக்கும். எல்.கே.ஜி. சேர்க்கிற வயது என்று அவர் சொன்னது, இருந்திருந்தால் என்ன வயதாகியிருக்கும் என்ற கணக்கு.

"அது உங்க தப்பு இல்லண்ணா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"எம்பொஞ்சாதியும் அதான் சொல்றா" என்றார். "ஆனா இன்னிய வரைக்கும் அவ இந்த வண்டியில ஏற மாட்டேங்கறா."

சில நாளில் மகளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கணவர் லீவு போட்டு வந்திருந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்ட வீட்டுக்கார அம்மா, தானே ஆள் கூட்டி வந்து சீலிங்கில் கொக்கி மாட்டிக் கொடுத்தார். கணவர் லீவு முடிந்து கிளம்பியபின், மறுபடி மதியத்தில் வருவீர்களா என்று ஆட்டோ அண்ணாவுக்கு போன் செய்து கேட்டேன்.

"வேணாம்மா. தூங்கற புள்ளய வச்சிக்கினு இனிமே என்னால ஓட்ட முடியாது" என்றார். பிறகு ஏதோ யோசித்தவர், "அழுவற புள்ளைக்குன்னா சொல்லு. எந்த நேரமா இருந்தாலும் வரேன்" என்றார். அதன்பின் அவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. வரவில்லை என்று நிம்மதிப்பட்டாலும், அப்படி நிம்மதிப்படுவது அவருக்குச் செய்கிற துரோகம்போலத் தோன்றும்.

என் மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். பஸ்ஸில் ஏறினால் இன்றும் தூங்கிவிடுவாள். தூங்கியதும் என் கை தானாக அவள் நெஞ்சின் மேல் போய்விடும். அது ஏறி இறங்குவது தெரிந்தபிறகுதான் எனக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றும்.

போன வாரம் பெரிய மார்க்கெட் போய்விட்டுத் திரும்பும்போது அவருடைய ஆட்டோவைப் பார்த்தேன். பின்னால் அதே பெயர், அதே கிளிகள். கூப்பிடுவதற்குள் தாண்டிவிட்டார். சற்று தூரத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருந்தது. அவர் வண்டியைச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக மெதுவாக ஏற்றி இறக்கினார். பின்சீட்டில் யாருமே இல்லை.

அவர் மெதுவாக ஓட்டிய எத்தனையோ மதியங்களில் தூங்கிய என் மகள், அவர் வேகமாக ஓட்டிய ஒரே ஒரு மதியத்தால்தான் இன்று உயிரோடு இருக்கிறாள். அந்த வேகத்தை எந்தக் குழந்தை அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது என்று நினைக்காமல், என் மகளை ஒரு நாளும் என்னால் தூங்க வைக்க முடிவதில்லை.