தாகம் எடுக்காத அம்மா

எங்கள் அம்மாவுக்குத் தாகமே எடுக்காது என்று ஒன்பது வயது வரை நம்பியிருந்தேன். பெங்களூரில் ஸ்ரீராம்புரத்திலிருந்து விடியுமுன் கிளம்பிப் போய், மல்லேஸ்வரத்துத் தெருக்களைப் பெருக்கிவிட்டு மதியம் இரண்டரைக்குத் திரும்புவாள். பையில் ஒரு பச்சை பாட்டில் இருக்கும். காலையில் கழுத்து வரை நிரப்பிய தண்ணீர் குறையாமல் அப்படியே இருக்கும். வெயிலில் வெந்து பிளாஸ்டிக் வாடை அடிக்கும் அந்தத் தண்ணீர் எனக்குத்தான். பள்ளிவிட்டு வந்ததும் அதை ஒரே மூச்சில் குடிப்பது என் உரிமை. "எங்கம்மா தண்ணியே குடிக்க மாட்டாங்க, தெரியுமா?" என்று வகுப்பில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அந்த வருடம் தசரா விடுமுறைக்குச் சற்று முன்னால் அம்மாவுக்குக் கோபம் அதிகம் என்று வார்டு ஆபீசில் முடிவு செய்தார்கள். காரணம் ஒரு சாவி. பெருக்கும் பெண்கள் நாற்பது பேரும் காலை ஆறரைக்குக் கூடி, கட்டைவிரல் வைத்து வருகையைப் பதிவது அந்த ஆபீஸ் வளாகத்தில்தான். பத்தடி தள்ளி ஒரு கக்கூஸ் இருந்தது. பூட்டியிருக்கும். சாவி, பெண்களை வேலை வாங்கும் மேஸ்திரியின் இடுப்பில் தொங்கும். அது ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் என்றார் அவர். அம்மா இரண்டு தடவை தணிந்த குரலில் கேட்டாள். மூன்றாவது தடவை எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

கேட்டது சாவி, கிடைத்தது தியானம். பெண்களின் மனம் அமைதியடைய ஒரு வாரம் வகுப்பு நடத்த ஏற்பாடாயிற்று. சொல்லிக்கொடுக்க வந்த அம்மையார் மல்லேஸ்வரத்துக்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் வீட்டு வாசலையும் அம்மாதான் பெருக்குவாள். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. சங்கடமே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

விடுமுறை என்பதால் நானும் அம்மாவோடு போனேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் சாக்குகளை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மையார் ஒரு வெண்கலக் கிண்ணத்தை வெளியே எடுத்தார். மரக்குச்சியால் தட்டினால் அது நெடுநேரம் ரீங்காரமிடும். குச்சியை என் கையில் கொடுத்து, "நான் தலையாட்டறச்சே நீதான் தட்டணும்" என்றார். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விதிகள் எளிமையானவை. கிண்ணத்தைத் தட்டும் வரை யாரும் கண் திறக்கக்கூடாது. உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கூப்பிடவோ தொடவோ கூடாது. பக்கத்தில் நின்ற மேஸ்திரியையும் பார்த்து அதைச் சொன்னார். மேஸ்திரி பலமாகத் தலையாட்டினார். பிறகு, மூச்சு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் மனசுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிக்கொள்ளச் சொன்னார். சாமி பெயரானாலும் சரி, பிள்ளை பெயரானாலும் சரி.

இரண்டாம் நாள், "உடம்புல எது தோணினாலும் அதோட சண்டை போடாதீங்கோ. சும்மா பாருங்கோ, தானா போயிடும்" என்றார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஒரு கண்ணைத் திறந்தாள்.

"மேடம், ஒண்ணுக்கு வந்தாலும் பாத்துக்கினே இருந்தா போய்டுமா?"

மரத்தடி முழுக்கச் சிரிப்பு. மேஸ்திரி "சும்னே இரம்மா" என்று கன்னடத்தில் அதட்டினார். சின்னம்மா அடங்கவில்லை. "அதுக்குப் பயந்துக்கினுதான் மேடம், ரெண்டு மணி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வாயில ஊத்தறதில்ல." அந்த அம்மையார் பூட்டிய கதவைப் பார்த்தார். மேஸ்திரியின் இடுப்பைப் பார்த்தார். அன்று அதற்குமேல் அவர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதெல்லாம் நடந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் என் கவனமெல்லாம் எப்போது தட்டச் சொல்வார்கள் என்பதில் இருந்தது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பெரிய அதிகாரி ஒருவர் எட்டு மணிக்கு வந்து வகுப்பைப் பார்ப்பார் என்றார்கள். ஏழரைக்கு உட்கார்ந்து, எட்டுக்குப் படம் எடுத்ததும் எட்டேகாலுக்கு எல்லோரும் தெருவில் இறங்க வேண்டும். உட்காருமுன் அம்மா என் காதோரம் குனிந்தாள். "நான் கண்ணத் தொறந்து உன்னைப் பாக்கற வரைக்கும் தட்டாத. யார் சொன்னாலும் சரி."

அதிகாரி வந்தார். நாற்பது பெண்களின் அமைதியைக் கண்டு அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூட வந்தவர்கள் போனில் படம் எடுத்துத் தள்ளினார்கள். எட்டேகால் ஆயிற்று. எட்டரையும் ஆயிற்று. குப்பை ஆட்டோக்கள் வாசலில் வரிசை கட்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அந்த அம்மையார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண் மூடியே இருந்தது.

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு, குச்சியை இங்கே கொடு என்று கையை நீட்டினார். "ஏ மகு, குச்சி கொடு இல்லி."

குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். "டீச்சர் சொன்னாங்க, யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. நீங்ககூட தலையாட்டினீங்க."

அவர் அந்த அம்மையாரைப் பார்த்தார். அந்த அம்மையார் நினைத்திருந்தால் கைவளையால்கூடக் கிண்ணத்தைத் தட்டியிருக்கலாம். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கால்களை மடக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் சின்னம்மா மூச்சை இழுத்து விட்டாள். விடும்போது, "சாவி" என்றாள்.

பக்கத்திலிருந்தவள் "சாவி" என்றாள். அம்மா "சாவி" என்றாள். தெலுங்குக்காரி, கன்னடக்காரி என்றில்லாமல் எல்லோருக்கும் அந்த ஒரே சொல் வாயில் வந்தது. கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, சொல்லிக்கொடுத்தபடியே மூச்சுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். சாமி பெயரை விட்டுவிட்டு ஏன் இதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் சொன்னேன்.

இது என்ன சாவி என்று அதிகாரி மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி இழுத்து இழுத்து ஏதோ விளக்கினார். போன்கள் இன்னும் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. அதிகாரி இரண்டே வார்த்தை சொன்னார். மேஸ்திரி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, அம்மாவுக்கு முன்னால் சாக்கின் மேல் வைத்தார். அம்மா கண்ணைத் திறந்தாள். முதலில் சாவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கை வலிக்கும் அளவுக்கு ஓங்கித் தட்டினேன்.

அந்தப் படம் பிறகு எல்லோர் போனிலும் சுற்றியது. பெண்கள் அமைதி கண்டார்களாம், மேலே அப்படித்தான் எழுதியிருந்தது. படத்தில் குரல் கேட்காது, அதனால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டு மாதத்தில் அம்மாவைத் தூரத்து வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் அன்றே அந்த மரத்தில் ஆணியடித்துப் பெண்கள் மாட்டிவைத்த சாவியை யாரும் திரும்ப எடுக்கத் துணியவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் கம்பெனியிலும் வியாழக்கிழமைதோறும் கண்ணை மூடி உட்காரச் சொல்கிறார்கள். கோபத்தை விட்டுவிடுங்கள், நீங்கள் வளர்வீர்கள் என்கிறது ஒரு இனிமையான குரல். உட்காருகிறேன், முதுகு நிமிர்கிறது, மனமும் அடங்குகிறது. அதில் பொய்யில்லை. ஆனால் கோபத்தை விடுவதாக இல்லை. அது என் அம்மா சம்பாதித்துக் கொடுத்தது. மூச்சு விடும்போது என் வாய்க்குள் வருவது இன்றைக்கும் அந்த ஒரே சொல்தான்.

சாவி கிடைத்ததற்கு மறுநாள், சனிக்கிழமை, வகுப்பு முடிந்துவிட்டதால் நான் வீட்டிலேயே இருந்தேன். வெயிலில் விளையாடிவிட்டு, தொண்டை வறண்டு போய் வாசலில் காத்திருந்தேன். அம்மா வந்ததும் பையைப் பிடுங்கிப் பச்சை பாட்டிலை எடுத்தேன். காற்றாய்க் கனமில்லாமல் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை.

"எல்லாத்தையும் நீயே குடிச்சிட்டியா?" என்று கத்தினேன்.

"ஆமாண்டி, எல்லாத்தையும் நானே குடிச்சிட்டேன்" என்று அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டிலைத் தூக்கி எறிந்தேன். எனக்கென்று ஒரு வாய்கூட மிச்சம் வைக்காத அம்மாவோடு அன்று முழுவதும் நான் பேசவில்லை.