வெள்ளைக் கூரைக்கு ஒரு போர்வை

பிறர் வீட்டுக் கூரைக்கு வெள்ளை பூசுவது என் வேலை. அதில் பாதிக்கு மேல், பூச விடுங்கள் என்று கேட்பதிலேயே போய்விடும். கோடையில் ஃபேனும் ஏர்கூலரும் ஓடி ஓடி கரண்ட் பில் எகிறுகிற ஷீட் வீடுகளுக்கு, வெயிலைத் திருப்பியடிக்கும் பூச்சு. செலவு மாநகராட்சியுடையது. ஆவடியில் சேக்காட்டுப் பக்கம் ஒரு தெருவை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் மேற்பார்வை, ஏகாம்பரம் பெயிண்டர். எதையாவது இலவசமாகக் கொடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இனி நான் சொல்வது எதுவும் புதிதாக இருக்காது.

முதல் கதவு

கதவைத் திறந்தவர் ஆட்டோ ஓட்டுபவர். திட்டத்தை முழுக்கக் கேட்டார். எதற்கும் காசு கிடையாது என்று சொன்னதும்தான் முகம் மாறியது. எங்கள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கூரையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை.

“வெள்ளை அடிச்ச ஊட்ட இடிப்பீங்களா, அடிக்காத ஊட்ட இடிப்பீங்களா? அத்த மட்டும் சொல்லிட்டுப் போ சார்.”

கஸ்தூரியின் மிஷின்

தெருக்கோடியில் கஸ்தூரி வீடு. ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். ஜன்னலோரம் தையல் மிஷின், சுவரோரம் கட்டிலில் எழுந்து நடக்க முடியாத மாமியார். கஸ்தூரி பிளவுஸ் தைக்கிறாள். காலை பதினோரு மணிக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது. போன கோடையில் மிஷின் மேலேயே மயங்கிச் சரிந்திருக்கிறாள். கூலர் வாங்கினார்கள். அது ஓடியதில் இலவச யூனிட் எல்லாம் கரைந்து, பில் தையல் கூலியைத் தின்றது. மிஷினை விற்றுவிட்டு அம்பத்தூரில் ஏதாவது கம்பெனிக்குப் போ என்கிறார் கணவர். போனால் பகலில் மாமியாரைப் பார்க்க ஆளில்லை. இந்தக் கோடை வரைக்கும் பார்ப்பதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

பூசலாமா என்று கேட்டேன். வாடகை வீடு, ஹவுஸ் ஓனரைக் கேளுங்கள் என்றாள். கேட்டு வருகிறேன் என்று எழுந்தபோது, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“கூலர் போட்டா பில்லு, போடலேன்னா மயக்கம். ரெண்டுல எதுக்கு சார் உங்க ஆபீஸ்ல மானியம்?”

செருப்பைக் கழற்றியவர்

ஹவுஸ் ஓனர் தனசேகர் எதிர்வீட்டில்தான் இருக்கிறார். மறுப்பதற்கு அவர் வைத்திருந்த காரணம் என் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தராதது: “ஊடு சில்லுனு ஆயிடுச்சுன்னா இந்தம்மா எப்பவுமே காலி பண்ணாது நைனா.”

விளக்கம் சொல்லிப் பயனில்லை. தெருமுனை அங்கன்வாடியின் தளத்தில் மாதிரிக்காகப் பாதி மட்டும் வெள்ளை பூசியிருந்தோம். உச்சி வெயிலில் அவரை மேலே கூட்டிப்போய், செருப்பைக் கழற்றச் சொன்னேன். பூசாத பக்கம் கால் வைத்தவர் துள்ளி வெள்ளைக்குத் தாவினார். அங்கே நின்றார். போன் வந்தது, அங்கேயே நின்று, மச்சானிடம் ஒரு கல்யாணப் பேச்சு முழுவதையும் பேசி முடித்தார். ஏகாம்பரம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இறங்கும்போது தனசேகர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சரி, அடிச்சுக்கோ. அப்டியே செவுத்துக்கும் ஒரு கோட்டு இழுத்துடு, இன்னா இப்போ.”

போர்வை

பூசி சில வாரம் கழித்துப் போனேன். மிஷின் சத்தமில்லை. கஸ்தூரி வாசற்படியில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். “மொத ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு சார். இப்ப பழையபடிதான். மிஷினைப் பாக்க நாளைக்கு ஆள் வர்றாங்க.” மட்டமான பூச்சா, ஏகாம்பரம் ஒரு கோட்டோடு விட்டுவிட்டானா என்று சந்தேகம் வந்தது. ஏணி போட்டு ஏறினேன்.

வெள்ளையே தெரியவில்லை. கூரை முழுக்க ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர், கருப்புப் பக்கம் மேலாக விரித்து, காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் டயர். கீழே தனசேகர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவர் வீட்டில் ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், வாங்கின அன்று வந்த கவரோடுதான் சோபாவும் இருக்கும். பேனரை ஏன் போட்டீர்கள் என்றேன். இதென்ன கேள்வி என்பது போல் பார்த்தார்.

“புது பெயிண்ட்டாச்சே சார். வெயில் படாம பாத்துக்கினு கீறேன், அதுவும் தப்பா?”

மதியம் இரண்டு மணி

பேனரை அன்றே உருவிப் போட்டோம். மிஷினைப் பார்க்க வருகிறவரை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லும்படி கஸ்தூரியிடம் கேட்டுக்கொண்டேன். அரைமனதாகச் சரி என்றாள்.

வாரம் கழிந்து, வேண்டுமென்றே மதியம் இரண்டு மணிக்குப் போனேன். தெருவில் திரும்பும்போதே மிஷின் சத்தம் கேட்டது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கூலர் மூலையில் நின்றது. அதன் தலையில் வெட்டிய பிளவுஸ் துணிகள். வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள் கஸ்தூரி. பில் எவ்வளவு குறைகிறது என்பது அடுத்த ரீடிங்கில்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் உட்கார முடிகிறது என்றாள். எதிர்வீட்டுத் தனசேகர் தன் கூரைக்கு எப்போது வருவீர்கள் என்று ஏகாம்பரத்தைக் கேட்டுவிட்டாராம். கட்டிலிலிருந்து மாமியார் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

“முன்னெல்லாம் பதினோரு மணிக்கு நிறுத்திடுவா. இப்ப நாள்பூரா கடகடன்னு ஓட்டுறா. மத்தியானம் கண்ண மூட முடியலப்பா, அதுக்கு எதாச்சும் பெயிண்ட் இருந்தா அடிச்சுட்டுப் போ.”

ஒரு கூரைக்கு வெள்ளை பூச அரைநாள் போதும். பூசியதை வெயிலிலேயே விட்டுவையுங்கள் என்று நம்பவைக்கத்தான் ஒரு கோடை வேண்டியிருக்கிறது.