டீசல் மண்ணுக்கு ஒரு நினைவு மேடை

“பவ்ஸியா மிஸ் மௌத்து” என்று தில்லையடியில் அவர் வீட்டிலிருந்து டெலிபோன் கோல் வந்தது. ஜனாஸா அடக்கி நாங்கள் திரும்புமுன்பே புகழ்மாலை தொடங்கிவிட்டது. உயிரோடு இருந்தபோது அவரைக் “கிருமிக்காரி” என்று பகிடி பண்ணிய அதே வாய்கள். தூ!

மிஸ்ஸும் நானும் புத்தளத்தில் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தோம். கரைத்தீவில், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் கிணற்றருகே, படகுகளுக்கு டீசல் விற்றவரின் தாங்கி ஒழுகி மண் ஊறிப்போனது. மழை பெய்தால் கிணற்றுத் தண்ணீர் டீசல் மணக்கும். டீசலைத் தின்கிற பக்டீரியா அந்த மண்ணிலேயே இருக்கிறது, கொஞ்சம் யூரியாவும் ஈரமும் காற்றும் கொடுத்தால் அது தன் வேலையைப் பார்க்கும் என்றார் மிஸ். வாராவாரம் நாங்கள் மண்ணைக் கிளறினோம்.

ஊர்ச் சங்கத் தலைவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். “கிருமிய ஊருக்குள்ள விடுறீங்களே மிஸ், புள்ளைகளுக்குக் காச்சல் வருத்தம் வந்தா?”

“ஒங்கட வயித்துக்குள்ள இதவிடக் கூட இருக்கு தலைவர். பாவம், அதுகளுக்குத்தான் வருத்தம் வரும்.”

மண்ணில் மணம் குறையத் தொடங்கியதும் மனுசன் கெமராக்காரனோடு வந்து, மிஸ்ஸின் மண்வெட்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். மிஸ் அதைப் பறித்தெடுத்தார். “கிருமிக்குப் பேச்சு வேணாம், காத்து வேணும். வெலகி நில்லுங்க.”

அந்தத் தலைவர்தான் நினைவுக் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: அதே மண்ணின் மேல் சீமெந்து மேடை, அதில் மிஸ்ஸின் பெயர். கைதட்டல் வேறு! வெட்கங்கெட்ட கூட்டம்.

நான் எழும்பினேன். வேலை பாதியில் நிற்கிறது, மூடினால் காற்றில்லாமல் பக்டீரியா சோர்ந்துவிடும், மிச்ச டீசல் மாரி மழையோடு கிணற்றுக்கு இறங்கும் என்றேன்.

“மரியாதைக்குத்தானே தம்பி செய்யிறம்” என்றார்.

“மரியாதைய நாங்க குடிக்கவா?” என்று கேட்டார், அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற ரஹ்மா ராத்தா.

ஆனாலும் மறுநாள் காலை லொறி வந்தது. தலைவர் முன் சீட்டிலிருந்து இறங்கினார். ராத்தாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் நானும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

மிஸ்ஸை அறிந்தவர்களே, அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. அவருடைய மண்வெட்டி வந்தது, வாயும் வந்தது.

“கிருமிக்குப் பேச்சு வேணாம் தலைவர்” என்றேன். “வெலகி நில்லுங்க.”

லொறி சீமெந்தோடு திரும்பிப் போனது.