லியோகாதியா படுத்திருந்த நாள்

நான் வேன் ஓட்டுகிறவன். ஆட்களை ஏற்றுவதில்லை, பெட்டிகளை மட்டும்தான். மாத்ரித்துக்குக் கிழக்கே, தெருவேல் மலைப்பக்கம் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்கள், காலையில் விடுதி வாசலில் பெட்டியை வைத்துவிட்டு மிதிக்கக் கிளம்பிவிடுவார்கள். நான் அள்ளிப் போட்டுக்கொண்டுபோய் அடுத்த ஊர் விடுதியில் இறக்குவேன். காசு கொடுத்துக் களைத்துப்போக வருகிறவர்கள் அவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பாதையில் நிஜமாகவே களைத்துப்போன ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் சைக்கிள்மேல் தேடக் கூடாது. லா சார்கா என்ற குக்கிராமத்தில் பார் நடத்துகிற லியோகாதியாவைப் பார்க்க வேண்டும்.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் குமெர்சிந்தோ சாலை போடுகிற வேலையில் இருந்தான். ஒரு மத்தியானம் தாரும் சல்லியுமாகக் கிடந்த சாலையோரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளை கிடையாது. பார் இருக்கும் கட்டடம் ஊருக்குச் சொந்தம். எடுத்து நடத்த ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தபோது மேயர் அஸ்தேரியோ அவள் கையில் சாவியைக் கொடுத்து, சும்மா கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள் என்றான். அந்தக் கொஞ்ச நாள் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குளிர்காலத்தில் லா சார்காவில் இருபது பேர் தேறினால் அதிகம். அவர்களுக்கு ரொட்டி வண்டியிலிருந்து ரொட்டி வாங்கி வைப்பது அவள். டவுனிலிருந்து வரும் மருந்துப் பொட்டலத்தைப் பிரித்து யார் யாருக்கு எது என்று கொடுப்பது அவள். சீட்டாட்டத்தில் சண்டை வந்தால் விலக்கிவிடுவதும் அவள். ஏப்ரல் பிறந்தால் இதற்கு மேலே சைக்கிள்காரர்கள். பழைய சுரங்க ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுப் போட்ட பாதை ஊரை ஒட்டிப் போவதால், பாருக்கு மேலே, அவள் குடியிருக்கும் மாடியில் வாடகைக்கு விடும் அறைகள் அக்டோபர் வரை நிரம்பியிருக்கும். பாட்டரி சைக்கிள்களை எல்லோரும் ஒரே நேரத்தில் சொருகுவார்கள், ஃபியூஸ் போகும், அவள் ஸ்டூலில் ஏறுவாள். ஹாலந்துக்காரர்களுக்கு ஆறு மணிக்கே ராச்சாப்பாடு வேண்டும். எங்கள் ஆட்களோ பத்து மணிக்கு முன்னால் கரண்டியைத் தொட மாட்டார்கள். ஆகையால் அடுப்பு அணைவதே இல்லை.

மாத்ரித்திலிருந்து இந்தப் பயணங்களை நடத்துகிற கம்பெனிக்கு ஒரே ஒரு கண்டிப்பு. சீசன் முடியும்வரை ஒரு நாள்கூடப் பூட்டக் கூடாது. பூட்டியிருந்தால் பாதையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். பாதை போனால் பாரும் போகும், பார் போனால் ரொட்டியும் மருந்தும் போகும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். லியோகாதியாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவளால் ஓய்வு என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அஸ்தேரியோ, எனக்கு வாரத்துல ஒரு நாள் வேணும்."

"எதுக்கு? எங்க போகப் போற?"

"எங்கயும் போகல. படுக்கணும்."

"ஆகஸ்டு திருவிழா முடியட்டும், பாத்துக்கலாம்."

திருவிழா முடிந்தது. அப்புறம் திராட்சை அறுவடை முடியட்டும் என்றான். அஸ்தேரியோ கெட்டவன் இல்லை. எதையும் தள்ளிப்போட்டே மேயர் ஆனவன்.

லா சார்காவில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. ஒரு வருஷம் ஒருவர் செத்துப்போனது நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து, தனியாக இருப்பவர்கள் காலையில் எழுந்ததும் தெருப்பக்கத்து ஜன்னலின் மரத் திரையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட வேண்டும். எதிர்வீட்டார் அதைப் பார்த்துக்கொள்வார்கள். ஒன்பது மணிக்கு மேலும் திரை இறங்கியே இருந்தால் போய்க் கதவைத் தட்டுவார்கள். வீட்டில் ஆள் இருக்கிற நேரத்தில் சாவி கதவின் வெளிப்பக்கமே தொங்கும், திறந்துகொண்டு உள்ளே போகலாம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதிசயமாக முந்தின ராத்திரி மேலே யாரும் தங்கவில்லை. நார்வேக்காரர்கள் ஒன்பது பேருடைய பெட்டிகளோடு போனேன். மத்தியானம் அவர்கள் மிதித்து வந்து சாப்பிட்டு அங்கேயே தங்குவதாக ஏற்பாடு. பார் வாசலில் கூட்டம். எட்டுப் பேர் இருந்தால் லா சார்காவில் அது கூட்டம்தான். திரை இறங்கியிருக்கிறது. சாவி கதவில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. எதிர்வீட்டுப் பிரிமித்தீவா ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தட்டித் தட்டிக் கையே போச்சு. சத்தமே இல்ல."

"நேத்து ராத்திரி என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"போய்ப் படுங்கன்னா."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்," என்றார் ஃபொர்துனாத்தோ. எண்பது வயதுக்காரர், கையில் கடப்பாரை. "செத்த மாதிரி."

காவலர்கள் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். அஸ்தேரியோ கடப்பாரையைப் பிடுங்கித் தாழ்ப்பாள் பக்கம் கொடுத்து நெம்பினான். பழைய மரம், மூன்றாவது நெம்பலில் சட்டத்தோடு பெயர்ந்து வந்தது. நாங்கள் எல்லோரும் மாடிப்படியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஏறினோம். என்ன பார்க்கப் போகிறோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

லியோகாதியா கழுத்துவரை போர்த்திக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. அந்தக் கண் எங்கள் பக்கம் திரும்பியது.

"நான் சாகல," என்றாள். "நீங்க தட்டினது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கேட்டுக்கிட்டா இருந்த?" பிரிமித்தீவா நெஞ்சில் கைவைத்தாள். "பாவி, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"கொடுத்தா எழுந்திருக்கணுமே."

ஃபொர்துனாத்தோ தொப்பியைக் கழற்றினார், பிறகு அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஞாபகம் வந்தவர்போல மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்ல?" என்றான் அஸ்தேரியோ.

"இல்ல. அலுப்பு."

அவன் முகத்தில் நிம்மதி வந்தது. நிஜமான நிம்மதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்து அவன் வாயில் வந்தது, "அப்ப மத்தியானம் வர்ற ஒன்பது பேரு?"

அந்தக் கடப்பாரையை எடுத்து அவன் தலையில் ஒன்று போடலாமா என்று வந்தது எனக்கு. லியோகாதியாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் போர்வையை விலக்கிவிட்டு, காலைக் கீழே வைத்துச் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கித் தெரிந்தன. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் கீழே போய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள்.

"லியோகாதியா, வண்டில ஏறு," என்றேன்.

"எங்க?"

"எங்க ஊருக்கு. பெனில்தே விடுதில இன்னிக்கு எல்லா அறையும் காலி."

"சாப்பாடு யாரு போடுவா?"

"இங்க எட்டுப் பேரு நிக்கிறாங்களே."

"எனக்கு முட்டைகூடப் பொரிக்கத் தெரியாதுப்பா," என்றார் ஃபொர்துனாத்தோ.

"இன்னிக்குக் கத்துக்குங்க பெரியவரே."

அஸ்தேரியோ குறுக்கே வந்தான். "யோவ், கம்பெனிக்குத் தெரிஞ்சா பாதை போச்சுய்யா! பூட்டியிருந்துச்சுன்னு எவனாவது எழுதிப்புட்டா?"

"எப்படிய்யா பூட்டியிருக்கும்? கதவத்தான் நீ பேத்துட்டியே!"

பிரிமித்தீவா சிரித்துவிட்டாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சந்தடியில் லியோகாதியா இரவு உடைக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கி வந்துவிட்டாள். ஒன்பது பெட்டிகளையும் இறக்கி வைத்துவிட்டு அவளை ஏற்றிக்கொண்டேன். முதல் வளைவு தாண்டுவதற்குள் அவள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. எங்கள் ஊர் ஃபுவென்மாயா வரும்வரை ஒரு பள்ளத்திலும் கண் திறக்கவில்லை.

பெனில்தே இதே பாதையில் இதே வேலை செய்கிறவள். இடுப்புவலிக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் படுக்கை விரிப்புகளை மாற்றுவாள். கோட்டுக்குக் கீழே தெரிந்த இரவு உடையைப் பார்த்தாள், வீங்கிய காலைப் பார்த்தாள்.

"மேல கடைசி அறை. போய்ப் படு," என்றாள்.

லியோகாதியா அன்று பகலும் இரவும் தூங்கினாள். மறுநாள் காலை, நார்வேக்காரர்களின் பெட்டிகளை எடுக்கக் கிளம்புவதற்கு முன் போய்ப் பார்த்தேன். மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெனில்தே சுட்ட ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, பெரிய கோப்பையில் பால்காப்பியோடு கொண்டுவந்து வைத்தாள். லியோகாதியா கரண்டி எடுக்க எழுந்தாள்.

"உக்காருடி," என்றாள் பெனில்தே. கரண்டியும் வந்தது.

லியோகாதியா ஒரு வாய் குடித்தாள். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், நிறுத்தவும் தெரியாமல்.

"என்னடி, சர்க்கரை போதலையா?"

"நல்லா இருக்கு. வேற ஒருத்தி எனக்குப் போட்டுக் கொடுத்ததுல்ல, அதான்."

பெனில்தே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளை உட்கார்ந்த நிலையில் நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் லியோகாதியா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "வா, போலாம். என்ன கூத்தடிச்சு வச்சிருக்காங்களோ," என்றாள்.

வழியில் பாலத்துக்குப் பக்கத்தில் அந்த ஒன்பது பேரும் எதிரே மிதித்துக்கொண்டு வந்தார்கள். வேனைப் பார்த்துக் கையசைத்தார்கள். பக்கத்தில் இருந்தவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அவளும் கையசைத்தாள்.

லா சார்காவில் கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அஸ்தேரியோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"ஒருத்தர்கூடப் பட்டினி இல்ல! மத்தியானம் உருளைக்கிழங்கும் முட்டையும்."

"ராத்திரி?"

"முட்டையும் உருளைக்கிழங்கும்," என்றார் ஃபொர்துனாத்தோ. "ஆனா நல்ல ஜனங்க. கிழங்கு உரிக்க அவங்களே கூட வந்து உக்காந்துட்டாங்க. ஒரு பொம்பளை என்னை போட்டோ புடிச்சா."

லியோகாதியா சமையலறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். தொட்டி நிறைய, மேடை நிறைய, ஜன்னல் விளிம்புவரை பாத்திரம். ஊரில் உள்ள வாணலி எல்லாம் அங்கே இருந்தது. எண்ணெய் பிசுக்கேறிப் படிந்திருந்தது. அவள் வந்து கழுவுவாள் என்று வைத்திருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. வேறு மாதிரி வைக்கலாம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

அவள் கோட்டைக் கழற்றினாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்தாள். வாசலில் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் கைவைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஏப்ரனைச் சுருட்டி அஸ்தேரியோ கையில் கொடுத்தாள்.

"சமைச்சவங்க கழுவுங்க. நான் மேல போறேன்."

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். மேலே கட்டில் முனகியது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அஸ்தேரியோ ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். முடிச்சு போட அவனுக்குத் தெரியவில்லை, பிரிமித்தீவா போட்டுவிட்டாள். அவன் தேய்த்தான், ஃபொர்துனாத்தோ அலசினார், நான் துடைத்தேன். பெட்டிகள் வாசலில் காத்துக் கிடந்தன, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாதி முடிந்திருக்கும்போது பெரிய வாணலியின் மூடி ஃபொர்துனாத்தோ கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சுழன்றது. அந்தச் சத்தத்துக்குக் கல்லறையில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்திருப்பார்கள். நாங்கள் அப்படியே நின்று கூரையைப் பார்த்தோம். மேலே ஒரு அசைவும் இல்லை.

"சத்தத்தையே காணோமே," என்றாள் பிரிமித்தீவா மெதுவாக. "போய்ப் பாத்துட்டு வரவா?"

அஸ்தேரியோ மூடியை எடுத்து, குழாயைச் சன்னமாகத் திறந்து, மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

"வேணாம்," என்றான். "அவளா எழுந்திருக்கட்டும்."